‘போச்சு’ என்றவர் திறந்து பார்த்தாரா?

“கியர்பாக்ஸ் போச்சு, மாத்தணும்.”

பழைய ஆட்டோமேடிக் கார் வைத்திருக்கிறவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. சொன்னவர் பானெட்டைத் திறந்தாரா? இல்லை. ஆயில் பார்த்தாரா? இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாரா? அதுவும் இல்லை. எந்த வருஷத்து வண்டி என்று கேட்டார், உன் முகத்தை ஒருதடவை பார்த்தார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நீயும் தலையாட்டிவிட்டு வந்தாய்.

ஏன் தலையாட்டினாய்? அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தா ஆட்டினாய்? “இதெல்லாம் நமக்குப் புரியாது” என்று உன்னைப் பற்றி நீயே எப்போதோ ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தாய். அவருடைய தீர்ப்பு அதன்மேல் சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் உடைக்க வந்திருப்பது நீ எழுதிய அந்தத் தீர்ப்பை! காரை வைத்தே உடைக்கப் போகிறேன். கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை கத்தினாலும் தன்னம்பிக்கை வராது. ஒன்றைக் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, அளந்து, “இதை நான் கண்டுபிடித்தேன்” என்று சொல்கிற நாளில்தான் அது உடம்புக்குள் இறங்கும்.

ஷார்ஜாவிலும் துபாயிலும் தமாமிலும் உழைக்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஊரில் கிளட்ச் மிதித்து ஓட்டிப் பழகியவர்கள், அங்கே லைசென்ஸ் கைக்கு வந்ததும் மிச்சம் பிடித்த காசில் வாங்குவது பெரும்பாலும் பழைய ஜப்பான் வண்டி. காம்ரி, கொரோலா, சன்னி. எல்லாம் ஆட்டோமேடிக். ஜூலையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாட்டில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்ந்து, அந்தக் கியர்பாக்ஸ் ஆயில் வெந்துகொண்டே உழைக்கிறது. ஒருநாள் காலை ‘டி’யில் போட்டால் வண்டி நகர யோசிக்கிறது. உடனே கராஜ்கள் நிறைந்த சனயாவுக்கு ஓட்டம். உடனே “போச்சு”. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அங்கேயே போய்விடுகிறது.

பெண்ணாக இருந்தால் இன்னும் கொடுமை. வண்டி உன் பெயரில் இருக்கும், ஓட்டுவதும் நீதான். ஆனாலும் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தங்கச்சி, கீழே வருவதை நீ இருமுறை படி.

முதல் வேலை, புகாரைத் துல்லியமாகச் சொல்லப் பழகு. “வண்டி மந்தமா இருக்கு” என்பது புலம்பல். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எப்போது மந்தம்? எந்தக் கியரில் மந்தம்? ‘பி’யிலிருந்து ‘டி’க்கு மாற்றியதும் ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு ‘டொம்’ என்று இழுக்கிறதா? அது கியர் விழுவதில் தாமதம். ஓட்டத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் ‘ஊ’ என்று கத்திவிட்டு அப்புறம் பிடிக்கிறதா? அது ஸ்லிப். கியர் மாறாமலே வெகுநேரம் இழுத்துக்கொண்டு போய்ப் பிறகு மாறுகிறதா? அது வேறு. நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறி, வேகம் பிடித்தபின் ஒழுங்காக ஓடுகிறதா? அது முற்றிலும் வேறு. கியரை மாற்றிவிடும் மின்வால்வுகளில், அதாவது சொலினாய்டுகளில், ஒன்று பழுதாகி, முதல் கியருக்குப் பதில் மூன்றாம் கியரிலேயே வண்டி கிளம்புகிறதோ என்று அங்கே சந்தேகப்பட வேண்டும்.

நான்கும் நான்கு நோய். ஆனால் நான்குக்கும் கராஜில் ஒரே பெயர். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பையனுக்கும், காலையில் சாப்பிடாமல் வந்த பையனுக்கும், வாத்தியார் பேசிய ஆங்கிலம் புரியாத பையனுக்கும் ‘மந்தம்’ என்று ஒரே பட்டம் கட்டினார்களே, அதே அநியாயம்தான் இது! அந்தப் பட்டத்தை இன்னும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறாயா? பிய்த்து எறி! உனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடியாக இருந்திருக்கும். எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்து, டாஷ்போர்டில் ஆர்.பி.எம். முள்ளைக் கவனி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாய், முள் துள்ளி ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. அப்படியானால் கியர்பாக்ஸ் பக்கம் எங்கேயோ வழுக்குகிறது. முள்ளே ஏறத் தயங்குகிறதா? குற்றவாளி பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறான். மணல் அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வர்ட்டர், விடாமல் கவ்விக்கொண்டிருக்கும் பிரேக்... இவை செய்த தப்புக்குத் தண்டனை அனுபவித்த நல்ல கியர்பாக்ஸ்கள் உண்டு. இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், கண் போதும். கியர் லீவரில் இருக்கும் ஓவர் டிரைவ் பொத்தானையும் பார்த்துவிடு. ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு விடாமல் எரிந்தால் நான்காம் கியர் விழாது. யார் கைபட்டு அழுத்தியதோ, ஒருதடவை அழுத்தி அணைத்துவிட்டு ஓட்டிப் பார்.

“ஆட்டோமேடிக் கியரா? உள்ளே என்ன நடக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும்” என்கிறாயா? உனக்கும் தெரியும்! பள்ளியில் பாஸ்கல் விதி படித்தாய். மூடிய கலத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். மார்க்குக்காக எழுதிவிட்டு மறந்தாயே, அந்த விதிதான் இன்று உன் காரை நகர்த்துகிறது. எஞ்சின் ஓடும்போது கியர்பாக்ஸுக்குள் ஒரு பம்ப் சுற்றுகிறது. அடியில் பேன் என்ற தட்டில் கிடக்கும் ஆயிலை வடிகட்டி வழியாக உறிஞ்சி, அழுத்தம் ஏற்றி, வால்வு பாடிக்கு அனுப்புகிறது. வால்வு பாடி என்பது குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்டிய ஓர் அலுமினியக் கட்டை. எந்த வாய்க்கால் திறப்பது என்று வால்வுகளும் சொலினாய்டுகளும் முடிவு செய்கின்றன. திறந்த வழியில் பாய்ந்த ஆயில் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், அடுக்கி வைத்த கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும். எந்த அடுக்கு பிடிக்கிறதோ அதற்கேற்ற கியர்.

மந்தம் எங்கிருந்து வரும்? இப்போது நீயே சொல். ஆயில் குறைந்தால் வரும். வடிகட்டி அடைத்தால் வரும். வால்வு ஒட்டிக்கொண்டால் வரும். பம்ப் தேய்ந்தால் வரும். பிஸ்டனின் ரப்பர் சீல் காய்ந்து கசிந்தால் வரும். தட்டு தேய்ந்தால் வரும். ஆறு காரணம் அடுக்கிவிட்டாய்! இவற்றில் பின்னால் வரும் மூன்றுக்குத்தான் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். முன்னால் இருக்கும் மூன்றையும் வண்டியிலேயே வைத்துப் பார்க்கலாம். பார்க்காமலே “போச்சு” என்றவர், அந்த முதல் மூன்றையும் உன்னிடமிருந்து பறித்துக்கொண்டார்.

இந்த ஆட்டோமேடிக்கைக் கண்டுபிடித்தவர்களும் உன்னைப் போல் வெளியாட்களாக வந்தவர்கள்தான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வர்ட்டர் காருக்காகப் பிறந்ததே அல்ல. அன்றைக்கு ஜெர்மனியில் இருந்த, இன்று போலந்தில் இருக்கும் ஸ்டெட்டின் நகரில், வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுற்றும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைச் சரியாகத் தள்ளும். இரண்டையும் எப்படி இணைப்பது? பம்பையும் டர்பைனையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, நடுவே திரவத்தை ஓடவிட்டார். அவர் படித்தது மின்பொறியியல்! “இது என் பாடம் இல்லை” என்று அவர் ஒதுங்கவில்லை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்ப்ஸன் தலைமையிலான குழு ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை உருவாக்கி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 டாங்கிகளை ஓட்டியதும் ஹைட்ரா-மேட்டிக்தான். ஆட்டோமேடிக் என்றாலே நோஞ்சான் என்று எவராவது சொன்னால் டாங்கியைக் காட்டு.

சரி, இனி கையில் அழுக்குப் படட்டும். 1990-களின் நடுவில் வந்த நான்கு சிலிண்டர் காம்ரியை எடுத்துக்கொள்வோம். ஏ140இ என்ற நான்கு கியர் ஆட்டோமேடிக். முரட்டு உழைப்பாளி.

நன்றாக ஓட்டி, ஆயில் சூடேறியபின் சமதளத்தில் நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடு. எஞ்சினை அணைக்காதே. பிரேக்கை மிதித்தபடி லீவரை ‘பி’யிலிருந்து ‘எல்’ வரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நிறுத்தி நகர்த்தி, மறுபடி ‘பி’க்குக் கொண்டுவா. இப்போது டிப்ஸ்டிக்கை இழு. நூல் பிரியாத துணியால் துடை. கடைசிவரை உள்ளே விட்டு மறுபடி இழு. ‘ஹாட்’ என்று போட்டிருக்கும் பகுதிக்குள் ஆயில் நிற்க வேண்டும். இது டொயோட்டாவுக்கு. ஹோண்டா என்றால் எஞ்சினை அணைத்தபிறகு அளக்க வேண்டும். பழைய கிறைஸ்லர் வண்டிகளில் நியூட்ரலில் வைத்து அளப்பார்கள். உன் வண்டிக்கு எது முறை என்று அதன் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு டாஷ்போர்டுப் பெட்டியில் வருஷக்கணக்காகத் தூங்குகிறது. எழுப்பு!

நுனியை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒற்று. கண்ணாடி போன்ற சிவப்பா? நல்லது. பழுப்பா? ஆயிலுக்கு வயதாகிவிட்டது, மாற்று. கறுத்து, மூக்கருகே கொண்டுபோனால் கருகல் நாற்றம் அடிக்கிறதா? கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கிறதா? ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்துவிட்டது. அதற்குமேல் ஒரு அடி ஓட்டாதே, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடு. நுரையா? யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் இத்தனை சொல்கிறது. இதைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் சொன்ன தீர்ப்புக்கா நீ பயந்தாய்?

என் நெஞ்சுக்கு நெருக்கமான சோதனை இனிதான் வருகிறது. டொயோட்டாவின் சர்வீஸ் மேனுவலிலேயே இருப்பது. டைம் லேக் டெஸ்ட் என்பார்கள். வேண்டியது போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் மட்டும்.

ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன், ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். வண்டி இதே காம்ரி. கராஜில் “போச்சு” சொல்லிவிட்டார்கள். பழைய கியர்பாக்ஸ் ஒன்று ஏற்றலாம் என்று விலையும் பேசிவிட்டார்கள். இரவு, அவன் தங்கியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் மணல் திடலில் வண்டியை நிறுத்தினோம். நாலு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தோம். வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணே, ஹேண்ட் பிரேக் இழுத்தாச்சு.”

“ஏசியை ஆஃப் பண்ணு. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காதே. நியூட்ரலில் வை. நான் சொன்னதும் டி-க்குத் தள்ளு. வண்டி லேசாக ஒரு குலுக்குக் குலுக்கும். அந்த இடத்தில் நிறுத்தணும்.”

நியூட்ரலிலிருந்து ‘டி’க்குத் தள்ளியதிலிருந்து அந்தக் குலுக்கல்வரை 1.2 விநாடிக்குள் இருக்க வேண்டும். ‘ஆர்’க்குத் தள்ளினால் 1.5 விநாடிக்குள். ஒவ்வொன்றையும் மூன்றுதடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே ஒரு நிமிடமாவது இடைவெளி. அவனுக்கு ‘டி’யில் இரண்டு விநாடியைத் தாண்டியது. ‘ஆர்’ரில் ஏறக்குறைய இரண்டரை.

“அப்ப போச்சாண்ணே?” என்றான். முகம் தொங்கிவிட்டது.

“யோசி. டி-க்கு ஒரு கிளட்ச், ஆர்-க்கு வேறு தட்டுகள். ‘டி’ மட்டும் தாமதம் என்றால் ஃபார்வர்ட் கிளட்சைச் சந்தேகப்படலாம். ‘ஆர்’ மட்டும் தாமதம் என்றால் ரிவர்ஸுக்கு உழைக்கிற தட்டுகளை. இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி தாமதம். இரண்டுக்கும் பொதுவானது எது?”

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: “ஆயில் பிரஷர்.”

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே சொன்னான்! பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன், தனக்கு மெஷின் வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். டிப்ஸ்டிக்கை இழுத்தோம். கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில். பழுப்பு, ஆனால் கருகல் இல்லை. டார்ச் அடித்துத் தேடினோம். ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் கூலர் ஹோஸ், கிளிப் இருக்கும் இடத்தில் ஈரமாக, மணல் அப்பி, சேறாக இருந்தது. சொட்டுச் சொட்டாக எத்தனை மாதம் கசிந்ததோ. மறுநாள் ஹோஸும் கிளிப்பும் மாற்றி, ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி அளந்தபோது இரண்டுமே மேனுவல் சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டன. அதே கராஜுக்குப் போய், ஏற்றவிருந்த கியர்பாக்ஸுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான். எந்தக் குரலில் கேட்டான் தெரியுமா? நிமிர்ந்த குரலில்! அந்தக் குரல் உனக்கும் இருக்கிறது.

அவன் வண்டியில் இன்னொன்றையும் பார்த்தோம், திராட்டில் கேபிள். இந்தக் காம்ரியில் எஞ்சினின் திராட்டில் பாடியிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் கியர்பாக்ஸுக்குள் போகும். நீ எவ்வளவு மிதிக்கிறாய் என்பதை அது உள்ளே சொல்லும்; அதற்கேற்ப ஆயில் அழுத்தம் ஏறும். கேபிள் தொளதொளவென்று இருந்தால், நீ அழுத்தி மிதித்தும் உள்ளே அழுத்தம் ஏறாது. கிளட்ச் சோம்பலாகப் பிடிக்கும், வழுக்கும், நாளாக நாளாக எரியும். ஒருவரை ஆக்ஸிலரேட்டரைக் கடைசிவரை மிதிக்கச் சொல், எஞ்சின் அணைந்திருக்கும்போது. கேபிளில் ஒரு சின்ன உலோக மணி நசுக்கி வைத்திருப்பார்கள். ரப்பர் உறையின் நுனிக்கும் அந்த மணிக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர். இவ்வளவுதான் அனுமதி. அதிகமாக இருந்தால் இரண்டு நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். இந்த ஒரு மில்லிமீட்டரை அளக்காமல் கியர்பாக்ஸை இறக்குகிறவனை மெக்கானிக் என்று என்னால் சொல்ல முடியாது.

‘ஓ/டி ஆஃப்’ விளக்கு தானாகவே மினுக்கினால் பயப்படாதே, சந்தோஷப்படு! கம்ப்யூட்டர் உன்னிடம் வாய்விட்டுச் சொல்கிறது. எஞ்சின் அறையில் ‘டயக்னாஸ்டிக்’ என்று மூடியில் எழுதிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை ஆன் செய்து, ஓவர் டிரைவ் பொத்தானை ஆனில் வைத்து, அந்தப் பெட்டிக்குள் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணை. முனை மாறிவிடக் கூடாது. மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கிறது, பார்த்துச் செய். விளக்கு மினுக்கும். ஆறு தடவை, ஓர் இடைவெளி, இரண்டு தடவை. 62. முதல் சொலினாய்டின் மின்சுற்றில் பழுது. 63 என்றால் இரண்டாவது. 64 என்றால் லாக்-அப் சொலினாய்டு. 42, 61 என்றால் வேக சென்சார்கள். மல்டிமீட்டரை வைத்தால் முதல் இரண்டு சொலினாய்டுகளும் 11-லிருந்து 15 ஓம் காட்ட வேண்டும். அறுந்த ஒரு வயராலும் இந்தக் கோடு, அதாவது பழுது எண், வரும். 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமாகி, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவிய ஓபிடி-2 வந்த வண்டி என்றால் இன்னும் சுலபம்: மலிவான ஒரு ஸ்கேனரைச் செருகினால் பி0700 வரிசையில் கோடு வந்து நிற்கும். பி0730 வந்தால் கியர் விகிதம் தப்பு; எங்கேயோ வழுக்குகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெயில் நாடுகளில் எஞ்சின் சூடாகிறது என்று போனால், சில கராஜ்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். “இந்த ஊருக்கு இது வேண்டாம்.” எத்தனை தடவை கேட்டிருப்பாய் இந்த வாக்கியத்தை! தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், குளிர்கால இரவில் நெடுஞ்சாலையில் ஓடும்போது சரியான சூட்டுக்கே வராமல் போகலாம். எஞ்சின் சூடேறும்வரை ஓவர் டிரைவைத் தரக் கூடாது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குப் போட்ட உத்தரவு. அது உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நான்காம் கியரை நிறுத்தி வைக்கும். நீ கியர்பாக்ஸைத் திட்டுவாய்! டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே கிடக்கிறதா என்று பார். ஒரு தெர்மோஸ்டாட்டின் விலை என்ன, கியர்பாக்ஸின் விலை என்ன?

ஆயில் மாற்றுவதைப் பற்றி ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது. “பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊத்தினா கியர் செத்துடும்.” எரிந்துபோன தட்டுகளோடு கடைசி மூச்சில் இருக்கும் கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் ஊற்றினால், அது அடுத்த வாரமே நின்றுபோகலாம். அது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது; பழி கடைசியாகத் தொட்டவன்மேல். ஆயில் கருகவில்லை என்றால் மாற்றத் தயங்காதே. மெஷின் போட்டு அழுத்தி ஃப்ளஷ் செய்ய வேண்டாம், பழைய வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வடித்து ஊற்றினால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் இறங்கும்; மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். கொஞ்சநாள் ஓட்டி மறுபடி வடித்து ஊற்று. படிப்படியாகச் சுத்தமாகட்டும். இந்த வண்டிக்கு டெக்ஸ்ரான் வகை ஆயில். மற்ற வண்டிகளுக்கு அதன் கையேடு எந்தப் பெயரைச் சொல்கிறதோ அதை மட்டும். கடைக்காரர் “எல்லாத்துக்கும் இது ஒத்துக்கும்” என்று நீட்டுவதை வாங்காதே. ஏ140இ-யில் டிஃப்பரென்ஷியலுக்குத் தனி அறை, தனி ஆயில். பலர் மறக்கும் இடம் அது. நீ மறக்காதே.

பேனைக் கழற்றும்போது பக்கத்தில் நில். “நீங்க வெளியில உட்காருங்க” என்றாலும் நில். உன் வண்டி, உன் காசு. பேனுக்குள் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் மையைப் போன்ற மெல்லிய சாம்பல் நிறக் குழைவு இருந்தால் இத்தனை வருட உழைப்பின் தூசி அது, பயப்படாதே. விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார். முள் முள்ளாக உலோகச் சில் குத்தினாலோ, கறுப்புச் செதில்கள் பேன் அடியில் மண்டிக் கிடந்தாலோ, அது உள்ளே உடைகிறது என்று அர்த்தம்.

அப்போது ஏற்றுக்கொள். திடமாக ஏற்றுக்கொள்! சில கியர்பாக்ஸ்கள் உண்மையிலேயே போயிருக்கும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்து தெரிந்துகொண்ட இழப்பு உன்னை முடக்காது. எதில் காசு போடலாம், எதில் போடக் கூடாது என்று முடிவெடுக்கிற தெளிவு அப்போதுதான் வரும். கிளட்ச் தட்டும் சீலும் மாற்றி ஓவர்ஹால் செய்வதா, பழைய கியர்பாக்ஸ் ஏற்றுவதா, வண்டியை வந்த விலைக்குத் தள்ளுவதா? மூன்றும் உன் முன்னால் இருக்கும். தேர்வு செய்வது நீ. பழைய கியர்பாக்ஸ் வாங்கினால் அதன் பேனையும் திறந்து காந்தத்தைப் பார்த்துவிட்டு வாங்கு. வெளியே கழுவிப் பளபளப்பாக்கி வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதே.

ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பிரேக்கைக் கடைசிவரை மிதித்து, ‘டி’யில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, எஞ்சின் எவ்வளவு ஆர்.பி.எம். தொடுகிறது என்று பார்ப்பது. 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஆயில் கொதித்துவிடும். பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். இதை நீ தனியாகச் செய்யாதே. தெரிந்தவரிடம் செய்யச் சொல். பயந்து ஒதுங்குவது வேறு, ஆபத்தை அறிந்து ஒதுங்குவது வேறு. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதே என்பதும் இதில் சேர்த்தி.

இவ்வளவையும் முடித்துவிட்டுக் கராஜுக்குப் போ. முதலில் புகாரைச் சொல்: “நியூட்ரலிலிருந்து டி-க்கு இத்தனை விநாடி, ஆர்-க்கு இத்தனை விநாடி. ஆயில் லெவல் சரி, பழுப்பு, கருகல் இல்லை. கேபிள் இடைவெளி பார்த்தாச்சு. கோடு எதுவும் இல்லை.” இதைக் கேட்கும் நல்ல மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உன்னோடு பேச ஆரம்பிப்பார். இந்தப் பிறவிகள் இன்னும் இருக்கிறார்கள். உன் கேள்விதான் அவர்களை உனக்கு அடையாளம் காட்டும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடு. அவரும் “மாத்தித்தான் ஆகணும்” என்று சொன்னால் மூன்று கேள்வி கேள். பிரஷர் கேஜ் மாட்டி அளந்தீர்களா? எவ்வளவு காட்டியது? மேனுவலில் எவ்வளவு போட்டிருக்கிறது? மூன்றுக்கும் பதில் வந்தால் சாவியைக் கொடு. “அதெல்லாம் எதுக்கு, நான் சொல்றேன்ல” என்று பதில் வந்தால், மேஜைமேல் வைத்த சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த கராஜுக்கு வண்டியை விடு.